வெளியே வராத தோட்டா

வங்கிக் கிளையில மேனேஜரா உக்காந்தவங்களுக்குத் தெரியும், ஒரு நாளைக்கு எத்தனை கையெழுத்துன்னு. சாவி ரிஜிஸ்டர், கேஷ் ரிஜிஸ்டர், அலாரம் அடிச்சுப் பாத்த ரிஜிஸ்டர், தீயணைப்பு சிலிண்டர் ரிஜிஸ்டர். இதுல மாசத்துக்கு ஒரு தடவை மேசைக்கு வர்ற ஒண்ணு, ஆயுதப் பதிவேடு. "துப்பாக்கி சுத்தம் செய்யப்பட்டது. நல்ல நிலையில் உள்ளது. தோட்டா 20." கார்டு கையெழுத்து ஒரு பக்கம், அடியேன் கையெழுத்து இன்னொரு பக்கம். பேனா எடுத்து, போட்டு, பக்கத்தைத் திருப்ப மூணு செகண்ட் ஆகும்.

அந்த மூணு செகண்ட் பத்தின கதைதான் இது.

2017 மே மாசம் எனக்குப் பீகார்ல போஸ்டிங். கங்கைக்கு வடகரையில, ககாரியா மாவட்டத்துல ஒரு சின்ன ஊரு. ஊரைச் சுத்தி மக்காச்சோளம், மழைக்காலத்துல ஊரைச் சுத்தித் தண்ணி. ஆடி மாசக் காத்தையே பாத்து வளந்த சாத்தூர்க்காரனுக்கு அந்த ஈரம் புதுசு. ஷூவுக்குள்ள பூஞ்சக் காளான், வவுச்சர் கட்டு அப்பளம் மாதிரி நமுத்துப் போவும், ஸ்டேப்ளர் பின் ஒரு வாரத்துல துரு.

கிளையோட கார்டு ஓய்வு பெற்ற ஹவில்தார். ஊர்ல எல்லாரும் "ஃபௌஜி சாஹப்"னுதான் கூப்பிடுவாங்க, நானும் அப்படியே. ஆறடி உயரம், முறுக்கின மீசை, காலைல ஒன்பதரைக்கு ஷட்டர் திறக்கும்போது ஷூல முகம் பாத்துக்கலாம். தோள்ல 12 போர் டபுள் பேரல். இடுப்புல தோல் பெல்ட், அதுல வரிசையா தோட்டா. பெல்ட்டுக்குத் தினம் பாலீஷ் போடுவாரு. அந்தப் பாலீஷ்தான் பின்னால வில்லங்கம்.

(12 போர்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு: குழாயோட விட்டத்துக்குச் சரியா ஈய உருண்டை செஞ்சா, 12 உருண்டை சேந்து ஒரு பவுண்டு எடை வரும். அதான் கணக்கு. சுமார் பதினெட்டரை மில்லிமீட்டர். எண் குறையக் குறைய குழாய் பெருசு. நானும் முதல்ல தலைகீழாத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.)

2018 ஜூலை. கேஷ் ரெமிட்டன்ஸ் வந்த நாள். பணம் இறங்கற நேரத்துல ரெண்டு குழாய்லயும் தோட்டா போட்டு நிப்பாரு, எல்லாம் உள்ள போய்ப் பூட்டினதும் எடுத்துருவாரு. அன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல என் கேபினுக்கு வந்து நின்னாரு. சல்யூட் இல்ல. "சாஹப், வலது பக்கம் வரல."

துப்பாக்கியைப் பின்பக்கம் மடக்கித் திறந்தா, எக்ஸ்ட்ராக்டர்னு ஒரு சின்ன நாக்கு தோட்டாவோட விளிம்பைப் பிடிச்சுக் கொஞ்சம் வெளிய தள்ளும். மீதியை விரலால உருவணும். இடது பக்கத்துத் தோட்டா ஒழுங்கா வந்திருச்சு. வலது பக்கம் நாக்கு வழுக்கி, விளிம்பைத் தாண்டி வெளிய வந்து நிக்குது. தோட்டா அப்படியே உள்ள. நகத்தால கெல்லிப் பாத்திருக்காரு. நகம் பிஞ்சு ரத்தம்.

இதுக்குள்ள செய்தி கிளை முழுக்கப் பரவிருச்சு. ஆளுக்கொரு யோசனை. "பத்து ரூபா காயினை வெச்சு நெம்பலாம்." "சுடுதண்ணி ஊத்தலாம்." நம்ம ஹெட் கேஷியர் ரொம்பத் தெளிவானவர்னு பேரு. அவரு, "சர், சிம்பிள். குழாயைத் தரையில நிறுத்தி, முன்பக்கத்துல இருந்து ஒரு குச்சிய விட்டு ரெண்டு தட்டுத் தட்டினா விழுந்துரும்"னாரு. ப்யூன் பையன் மாப்புக் குச்சியைக் கையோட கொண்டாந்துட்டான்.

இப்ப உண்மையைச் சொல்லணும். நான் தலையாட்டிட்டேன். நியாயமாத்தான் பட்டுது. ராத்திரி ஏழுக்குள்ள முடிச்சு வீட்டுக்குப் போலாம்னு ஒரு நப்பாசை வேற.

ஃபௌஜி சாஹப் கத்தின கத்தல்ல கிளையே அமைதியாச்சு. "தரையில நிறுத்தினா கீழ என்ன இருக்கும்னு யோசிச்சீங்களா!"

தோட்டாவோட தலைப்பக்கம், நட்ட நடுவுல, கேப் இருக்கு. துப்பாக்கியோட ஊசி போய்த் தட்டினா நெருப்புப் பத்தறது அங்கதான். குழாயைத் தரையில நிறுத்தினா அந்தக் கேப் தரையைப் பாத்து உக்காரும். மேல இருந்து குச்சியால தட்டினா, தரையில கிடக்கற ஒரு சின்னக் கல்லு, ஒரு ஆணித் தலை போதும், அதுவே ஊசி. அந்த நேரத்துல குச்சி பிடிச்சவன் முகம் எங்க இருக்கும்? குழாய் வாய்க்கு நேரா. ப்யூன் பையனுக்கு அப்ப இருபத்தோரு வயசு.

சாத்தூர்ல, சிவகாசிக்குப் பக்கத்துல பொறந்து வளந்தவன் நான். தீபாவளிக்கு வெடிக்காமப் போன வெடியைக் கையால தொட்டதுக்கு எங்க அப்பா விட்ட அறை இன்னும் ஞாபகம் இருக்கு. மருந்து அறைக்குள்ள இரும்புச் சாமான் கொண்டு போகக் கூடாது, பித்தளையும் மரமும்தான்னு எங்க தெருவுல சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். அவ்வளவும் தெரிஞ்சவன் மாப்புக் குச்சிக்குத் தலையாட்டியிருக்கேன். பத்து ஊர் மாறி, பத்து வருஷம் கேபின்ல உக்காந்தா இப்படித்தான் ஆயிருமோ என்னவோ.

வட்டார ஆபீஸ்ல செக்யூரிட்டி ஆபீசருக்குப் போன் போட்டேன். அவரும் ராணுவத்துல இருந்து வந்தவரு. "யாரும் தொடாதீங்க. குழாயைத் தனியாக் கழட்டுங்க. லைசென்ஸ் உள்ள மிஸ்திரியைக் கூப்பிடுங்க. எனக்கு எழுத்துல ரிப்போர்ட் வேணும்." ஃபௌஜி சாஹப் கீழ்க்கட்டையைக் கழட்டி, குழாயைத் தனியாப் பிரிச்சாரு. இப்ப அது வெறும் குழாய், ஊசியும் குதிரையும் வேற பக்கம். சிவப்பு வாளி மணலை எல்லாம் மூட்டையாக் கட்டிச் சுவரோரம் அடுக்கி, குழாய் வாயை அதுக்கு நேராத் திருப்பி, ரெக்கார்ட் ரூம்ல வெச்சுப் பூட்டினோம். அன்னிக்கு ராத்திரி அவரு வீட்டுக்குப் போகல. ரெக்கார்ட் ரூம் வாசல்ல பெஞ்சைப் போட்டு உக்காந்துட்டாரு. ரிட்டயர்மெண்ட்டுக்கு இன்னும் ரெண்டு வருஷம். "என் துப்பாக்கியில தோட்டா சிக்கினது, சாஹப். முப்பது வருஷத்துல முதல் தடவை"ன்னு மட்டும் சொன்னாரு.

மறுநாள் காலைல நான் முங்கேர் போனேன். ஆத்துக்கு அக்கரை. 2016-ல ரயில் விட ஆரம்பிச்ச பாலம் இருந்ததால பிழைச்சேன், அதுக்கு முன்னாடி படகுதான். (ரோடு 2022-லதான் திறந்தாங்க.) முங்கேர்னா துப்பாக்கி. 1760களோட தொடக்கத்துல வங்காள நவாப் மீர் காசிம், கம்பெனிக்காரனோட ஒத்து வராம, தலைநகரை முர்ஷிதாபாத்ல இருந்து இங்க மாத்தினாரு. ஆயுதப் பட்டறையும் போட்டாரு. நவாப் போயிட்டாரு, கம்பெனி போயிருச்சு, பட்டறைக் கைவேலை மட்டும் பரம்பரையா நின்னுருச்சு. லைசென்ஸ் வாங்கி சிங்கிள் பேரல், டபுள் பேரல் செய்யற பட்டறைகள் அங்க ஒரே வளாகத்துக்குள்ள இருக்கு. லைசென்ஸ் இல்லாம செய்யறவங்களால அந்த ஊரு பேப்பர்ல அடிபடறது வேற கதை.

செக்யூரிட்டி ஆபீசர் சொன்ன மிஸ்திரிக்கு எழுபது வயசு இருக்கும். எல்லாரும் "சாச்சா"ங்கறாங்க. நான் போனப்ப அவருக்கு முன்னால ஒரு பழைய மரப்பெட்டி. பழைய ஜமீன் குடும்பத்துச் சொத்து, ஷோகேஸ்ல வைக்கறதுக்காகச் சுத்தம் பண்ணக் கொடுத்திருக்காங்க. உள்ள தோட்டா மறுபடி நிரப்பற சாமான்கள். அந்தக் காலத்துல ஷிகார் போற சாஹிபுகளும் ஜமீன்தாருங்களும் சுட்ட பித்தளைக் கூட்டைத் தூக்கிப் போட மாட்டாங்களாம். பழைய கேப்பைத் தட்டி எடுத்துட்டு, கூட்டை அச்சுக்குள்ள விட்டு நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டாந்து, புதுக் கேப், புது மருந்து, வீட்டுலயே வாத்த ஈயக் குண்டு. இப்ப லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிச்சா 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். 1972-ல வந்த வனவிலங்குச் சட்டத்தோட ஷிகாரும் போச்சு. பெட்டி மட்டும் மிச்சம்.

அந்தப் பெட்டியிலயும் ரெண்டு சிக்கல். நான் வந்த விஷயத்தைச் சொல்லச் சொல்ல, சாச்சா தலையாட்டிக்கிட்டே கையை நிறுத்தல. எனக்குப் பொறுமை போவுது. ஆனா கண்ணு அங்கேயே நின்னுருச்சு.

முதல் சிக்கல், குண்டு வாக்கற அச்சு. பாக்குவெட்டி மாதிரி ரெண்டு கைப்பிடி, வாயில ரெண்டு கட்டை, நடுவுல குழி. குழிக்குள்ள ஈயம் உறைஞ்சு ஒட்டிக்கிச்சு, அச்சு திறக்கல. யாரோ ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பி விளிம்புல ஒரு பல்லு விழுந்திருக்கு. சாச்சாவுக்கு அதைக் காட்டும்போது உண்மையிலேயே வலிச்சுது. அச்சோட கட்டை மேல எதையும் தட்டக் கூடாதாம். தட்டணும்னா கைப்பிடி சேர்ற கீலு மேல, அதுவும் மரத்தால. இவரு அதையும் செய்யல. கரி அடுப்போரமா வெச்சு மெள்ளச் சூடு ஏத்தினாரு. ஈயம் 327 டிகிரியில உருகிரும், இரும்புக்கு அந்தச் சூடு ஒண்ணுமே இல்ல. கொஞ்ச நேரத்துல கைப்பிடியை லேசா அசைச்சாரு, வாய் தானாப் பொளந்து ஈயம் பொட்டுன்னு சட்டியில விழுந்துச்சு.

ரெண்டாவதுதான் பெரிய வேலை. கூட்டை நெருக்கற அச்சுக்குள்ள ஒரு ரைஃபிள் தோட்டாவோட காலிப் பித்தளைக் கூடு மாட்டிக்கிச்சு. எண்ணெய் தடவாம விட்டிருக்காங்க. பித்தளை இரும்பைக் கவ்விப் பிடிச்சிருச்சு. இழுத்த வேகத்துல கூட்டோட விளிம்பே பிஞ்சு போயிருக்கு. இனி பிடிக்க இடமே இல்ல. இழுக்கவும் வழியில்ல, தள்ளவும் வழியில்ல. நானா இருந்தா அச்சையே தூக்கிப் போட்டிருப்பேன்.

சாச்சா என்ன பண்ணினாரு தெரியுமா? கூட்டோட அடியில கேப் இருந்த ஓட்டையை டிரில்லால பெருசாக்கினாரு. அதுக்குள்ள டாப் விட்டு மரை வெட்டினாரு. அச்சுக்கு மேல ஒரு குட்டைக் குழாய்த் துண்டு, அதுக்கு மேல வாஷர், அது வழியா ஒரு போல்ட்டை விட்டு வெட்டின மரையில முறுக்கினாரு. போல்ட்டோட தலை வாஷர்ல வந்து உக்காந்ததுக்கு அப்புறமும் ஸ்பேனர் போட்டுத் திருப்பினா, போல்ட் எங்க போவும்? அது மேல வர முடியாது, கூடு தான் போல்ட் மேல ஏறி வரணும். கால் சுத்து, கால் சுத்து. "ஹதோடாவோட வேலை இல்ல இது"ன்னாரு. கிறீச்னு ஒரு சத்தம். கூடு வெளிய வந்துச்சு. அச்சுக்குள்ள ஒரு கீறல் இல்ல.

"அப்ப எங்களுதையும் இதே மாதிரி..."ன்னு ஆரம்பிச்சேன்.

சாச்சா என்னை ஒரு பார்வை பாத்தாரு. "சாஹப், இது காலி. உங்களுது நிறைஞ்சது. காலியை ஓட்டை போடலாம், சுடலாம், மரை வெட்டலாம். நிறைஞ்சதுக்கு இதுல ஒண்ணும் ஆகாது." அப்புறம் ஒரு பைக்குள்ள என்னென்னவோ எடுத்துப் போட்டுக்கிட்டு, ரெண்டு மணி வண்டிக்கு என் கூடவே கிளம்பிட்டாரு. வழியில அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணு: "உங்க ஊர்ல ஐஸ் கிடைக்குமா?"

மீன் கடையில கிடைச்சுது. ஸ்டாஃப் எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு, ரெக்கார்ட் ரூம்ல அவரும் ஃபௌஜி சாஹபும் மட்டும். நான் கதவோரம் நின்னேன், போகச் சொன்னாரு, போகல. குழாயோட பின்பகுதியில பிளாஸ்டிக் பையைச் சுத்தி, அதுக்கு மேல ஐஸ் மூட்டை. உள்ள தண்ணி போகக் கூடாதுன்னு பிளாஸ்டிக். அரை மணி நேரம் யாரும் பேசல.

ஐஸ் எதுக்குன்னு பி.காம் மூளைக்கு அப்புறமாத்தான் எட்டுச்சு. வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பாத்தேன். ஒரு டிகிரி சூடு குறைஞ்சா பித்தளை பத்து லட்சத்துல 19 பங்கு சுருங்கும், எஃகு 12 பங்கு. தோட்டாத் தலை 20 மில்லிமீட்டர், குறைஞ்ச சூடு 30 டிகிரின்னு வெச்சா, ரெண்டுக்கும் நடுவுல கிடைக்கற இடைவெளி ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல நாலு பங்கு. 0.004. தலைமுடிக் கனத்துல பதினஞ்சுல ஒரு பங்கு. அவ்வளவுக்காகத்தான் அரை மணி நேரம்.

பையில இருந்து ஒரு சின்னப் பித்தளைச் சாமான் எடுத்தாரு. மோதிரத்தைப் பாதியா வெட்டின மாதிரி ஒரு கொக்கி. தோட்டாவோட விளிம்புக்கு அடியில பக்கவாட்டுல நுழையும், கேப்பைத் தொடவே தொடாது. இவரும் பித்தளைதான், எங்க ஊர் மாதிரியே. ஃபௌஜி சாஹப் குழாயை மணல் மூட்டையைப் பாத்தபடி பிடிச்சுக்கிட்டாரு. சாச்சா பின்னால நிக்கல, பக்கவாட்டுல நின்னாரு. தலைப்பக்கத்துக்கு நேரா ரெண்டு பேருமே இல்ல. இழுக்கலை. முதல்ல திருப்பினாரு. இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல். காஞ்ச புளியங்காய் ஓடு உடையற மாதிரி ஒரு சத்தம். எனக்கு வயித்துல ஏதோ புரண்டுச்சு. "டூட் கயா"ன்னாரு, துருவோட பிடி விட்டுருச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் மெதுவா உருவினாரு. வந்திருச்சு.

மேசையில பேப்பர் விரிச்சு வெச்சோம். பித்தளைத் தலையைச் சுத்திப் பச்சையா களிம்பு, கோயில் விளக்குல பாப்போமே அதே களிம்பு. டார்ச் அடிச்சுக் குழாய்க்குள்ள காட்டினாரு. தோட்டா உக்கார்ற இடத்துல வளையமாத் துரு. களிம்பும் துருவும் ஒண்ணையொண்ணு கவ்வியிருக்கு. எக்ஸ்ட்ராக்டர் நாக்கும் தேஞ்சு போயிருந்துச்சு.

"தோட்டாவை எதுல வெக்கறீங்க?"

ஃபௌஜி சாஹப் பெல்ட்டைத் தொட்டுக் காட்டினாரு. பளபளன்னு இருந்துச்சு.

தோல் பதப்படுத்தற சரக்கும் ஈரமும் சேந்தா பித்தளையைத் தின்னும்னு சாச்சா சொன்னாரு. மாசக் கணக்குல பெல்ட்டுலயே கிடந்தா களிம்பு நிச்சயம். மத்த பத்தொம்பதையும் எடுத்துப் பாத்தோம். பெல்ட்டுல இருந்த எட்டுலயும் களிம்பு, பெட்டியில இருந்ததுல இல்ல. பெட்டி மேல வருஷம் போட்டிருந்துச்சு, 2011. ஏழு வருஷத் தோட்டா. அன்னிக்கு நிஜமாவே எவனாவது உள்ள நுழைஞ்சிருந்தா? முதல் தோட்டாவுக்கு மேல ஃபௌஜி சாஹபால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது.

சாச்சா வேலைக்கு எவ்வளவுன்னு கேட்டேன். ஒரு தொகை சொன்னாரு, ரொம்பக் குறைச்சல். ரசீது வேணும்னதும் சிரிச்சாரு, ஆனா கொடுத்தாரு.

ராத்திரி ரிப்போர்ட் எழுத உக்காந்தேன். ஆயுதப் பதிவேட்டைத் திறந்தா, 2017 மே முதல் 2018 ஜூன் வரைக்கும் பதினாலு மாசம், பதினாலு கையெழுத்து. "நல்ல நிலையில் உள்ளது." நான் ஒரு தடவை கூடத் துப்பாக்கியைத் திறக்கச் சொல்லிப் பாக்கல. அவரு துடைக்கலைன்னு சொல்ல முடியாது. வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. அறை வரைக்கும் பிரஷ் விட்டாரா, தோட்டாவை மாத்தக் கேட்டு எழுதினாரான்னா, இல்லதான். ஆனா தோட்டா மாத்தறதுக்கு எழுத வேண்டியது யாரு? மேனேஜர். லைசென்ஸ்ல அவரு பேரு ரிடெய்னர் இடத்துல, வங்கிதான் உரிமையாளர்.

சீனியர் ஒருத்தர் போன்ல யோசனை சொன்னாரு: "அண்ணாச்சி, ஏன் வம்பு? கார்டு பராமரிப்புல குறைன்னு ஒரு வரி எழுதுங்க. உங்க பக்கம் சுத்தமாயிரும்." நல்ல மனுஷன்தான், எனக்கு நல்லதுக்குத்தான் சொன்னாரு. நானும் அப்படி ஒரு ட்ராஃப்ட் அடிச்சேன். அடிச்சு, படிச்சும் பாத்தேன். பெஞ்சுல ராத்திரி பூரா உக்காந்திருந்தவர் ஞாபகம் வந்துச்சு. மாப்புக் குச்சி ஞாபகமும்.

அழிச்சுட்டு மறுபடி எழுதினேன். பதினாலு மாசம் ஆய்வு செய்யாமலே கையெழுத்துப் போட்டேன், தோட்டா பழசாகிருச்சுன்னு நான் கவனிக்கல, ஊழியர்கள் தவறான முறையில எடுக்கப் பாத்தப்ப நான் தடுக்கல, கார்டு தடுத்தார். இதான் நாலு வரி. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்துச்சு. அந்த வருஷ அப்ரைசல்லயும் கொஞ்சம் அடி. இத்தனை நாள் எழுதாம இருந்ததுக்குக் காரணம் அதுதான், வேற ஒண்ணுமில்ல. ஃபௌஜி சாஹபுக்கு மூணு நாள் ரெஃப்ரெஷர் ட்ரெய்னிங் போட்டாங்க. அவரு அதைத் தண்டனையா எடுத்துக்கல, திரும்பி வந்து மத்த கிளை கார்டுங்க துப்பாக்கியை எப்படி மோசமா வெச்சிருக்காங்கன்னு ஒரு வாரம் கதை சொன்னாரு.

புதுத் தோட்டா வந்துச்சு. பழசை செக்யூரிட்டி ஆபீசர் சொன்னபடி எழுதிக் கொடுத்து ஒப்படைச்சோம். தோல் பெல்ட் போய் கேன்வாஸ் பெல்ட் வந்துச்சு. அதுக்குப் பாலீஷ் போட முடியலைன்னு அவருக்கு வருத்தம்.

ஆகஸ்ட் முதல் வாரம், கேபின் வாசல்ல துப்பாக்கியோட நின்னாரு. காலி பண்ணி, மடக்கித் திறந்து, குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராத் தூக்கிப் பிடிச்சாரு. பதிவேடு மேசை மேல.

"சாஹப், முதல்ல பாருங்க. அப்புறம் கையெழுத்து."

பாத்துட்டுப் போட்டேன்.

பி.கு.: சொம்புக்குள்ள டம்ளர் மாட்டிக்கிச்சுன்னா உள்ள ஐஸ் தண்ணி, சொம்பை வெந்நீர்ல நிறுத்துங்க. ரெண்டு நிமிஷம். வீட்டுல என் மதிப்பு கொஞ்சம் கூடியிருக்கறது இதனாலதான் :-)